ஏரி ஒருவரிடம், வாசல் ஒருவரிடம்!

1825ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பினாங்கிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜான் ஆண்டர்சன் சிலாங்கூருக்கு வந்தார். சுல்தான் இப்ராஹிமுடன் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. பேராவுக்கும் சிலாங்கூருக்கும் இடையே எல்லை எது? பெர்னாம் ஆறுதான் எல்லை என்று அதில் எழுதினார்கள்.

இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் அந்த ஆறுதான் எல்லை. இக்கரையில் பாகான் டத்தோவைச் சேர்ந்த ஊத்தான் மெலிந்தாங், அக்கரையில் சபாக் பெர்னாம். மீன்பிடிப் படகுகள் இரு கரையிலும் கட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஆற்றில் நீந்தும் மீனுக்கு 1825ஆம் ஆண்டு உடன்படிக்கை தெரியுமா? காலையில் பேராவில் மேய்ந்த இறால் மாலையில் சிலாங்கூரில் மேய்கிறது. அது யாருடைய இறால்? அதைப் பிடிக்கும் வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வது யார்?

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். கடலிலும் கழிமுகத்திலும் மீன்பிடிப்பது கூட்டரசு அரசாங்கத்தின் பொறுப்பு. ஆற்றில் மீன்பிடிப்பது மாநிலத்தின் பொறுப்பு. பெர்னாமோ இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. ஆக, ஒரே ஆற்றுக்கு மூன்று அதிகாரங்கள்!

இது காகிதத்தில் மட்டும் உள்ள சிக்கல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஒரே நீர்ப்பரப்பை இரண்டு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்களின் தாயகத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அந்த இரு மொழிக்காரர்களும் அங்கே பங்கு போட்டுக்கொள்ளும் ஏரிதான் பழவேற்காடு ஏரி.

ஊரும் ஏரியும்

சென்னைக்கு வடக்கே, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வங்காள விரிகுடாவுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. இந்தியா ராக்கெட் ஏவும் இடம் அதுதான். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியாக உப்புநீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் செழித்து வளர்கின்றன. ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஆள் நிற்கும் அளவுதான்.

மலாக்காவை 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் அதற்கும் முன்பே, 1613இல், பழவேற்காட்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிவிட்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு நெடுங்காலம் அதுவே தலைமையிடம். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன. கோட்டை போய்விட்டது. கம்பெனியும் போய்விட்டது. ஆனால் ஏரியில் வலை வீசியவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு முறை அதன் பிறகும் நிலைத்து நின்றது. அதன் பெயர் 'பாடு'.

பாடு என்னும் ஏற்பாடு

ஏரியில் எல்லா இடமும் ஒன்று போல் இருக்காது. நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் இறால் கொட்டும். இன்னோர் இடத்தில் வலை வெறுமனே வரும். நல்ல இடத்தைப் பலசாலி பிடித்துக்கொண்டால் மற்றவன் கதி என்ன? அதற்காகத்தான் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கினார்கள். எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டு சொல்லும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். ஊருக்கு ஊரும் முறை வைத்துக்கொண்டார்கள். மீறினால் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும்.

அரசாங்க முத்திரை இல்லை, போலீஸ் இல்லை. இருந்தாலும் விதி நடந்தது! காரணம் எளிது. விதியை எழுதியவர்களும் அதன்படி நடந்தவர்களும் ஒரே ஆட்கள். கேரளத்தின் கொச்சிக் காயலிலும் இதே பாடு முறை உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் வலை கட்டும் இடத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது.

இந்த முறையைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போய்விடக் கூடாது. அதற்குள்ளும் ஒரு கோடு இருந்தது. பாடு உரிமை பரம்பரை மீனவச் சாதியைச் சேர்ந்த ஆண்களுக்குத்தான். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டில் பெயர் இல்லை. பிற்காலத்தில் மீன்பிடிக்க வந்த தலித் மக்களும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு நீதியாகத் தெரிந்த ஒரு விதி, வெளியே நிற்பவர்களுக்கு வேலியாகத் தெரிந்தது.

1953இல் விழுந்த கோடு

வெள்ளைக்காரர் காலத்தில் ஏரி முழுவதும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. வடபகுதி நெல்லூர் மாவட்டம், தென்பகுதி செங்கல்பட்டு மாவட்டம். மாவட்டம் வேறானாலும் மேலே இருந்த அரசாங்கம் ஒன்று. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. நெல்லூர் ஆந்திரத்துக்குப் போனது. செங்கல்பட்டு சென்னையோடு நின்றது. அன்று முதல் ஒரே ஏரிக்கு இரண்டு அரசாங்கங்கள்.

எல்லைத் தகராறு அத்தோடு ஓயவில்லை. ம.பொ.சிவஞானம் தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படாஸ்கர் செய்த பரிந்துரையின் பேரில் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணியின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அதே பிரிவினை ஏரியின் மேல் போட்டுவிட்டுப் போன கோட்டை அறிந்தவர்கள் குறைவு.

அந்தக் கோடு செய்த வேலையைப் பாருங்கள். ஏரிப் பரப்பில் பெரும்பங்கு ஆந்திரத்துக்குப் போனது. தெற்குக் கோடி மட்டும் தமிழ்நாட்டுக்கு. ஆனால் கடலோடு சேரும் முக்கியமான முகத்துவாரம் எங்கே இருக்கிறது? பழவேற்காட்டு ஊருக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டில்! வடக்கே ஆந்திரப் பக்கம் உள்ள முகத்துவாரங்கள் அடிக்கடி மணல் மூடித் தூர்ந்துவிடுகின்றன. ஏரி ஒருவரிடம், வாசல் ஒருவரிடம். வாசல் அடைத்தால் உப்புநீர் வராது. உப்புநீர் வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. தெற்கே மணல் மேடிட்டால் வடக்கே அடுப்பு எரியாது.

வாசலைத் திறந்து வைத்திருக்கும் வேலை ஒரு மாநிலத்தின் தலையில், அதன் பலனில் பாதிக்கு மேல் இன்னொரு மாநிலத்தில். எந்த அரசாங்கம் முழு மனத்தோடு செலவு செய்யும்?

இரண்டு சட்டம், ஒரு தண்ணீர்

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் மீன்பிடி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே சென்னையில் ஒரு சட்டம், ஆந்திரத் தலைநகரில் ஒரு சட்டம். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை 1983இல் கொண்டுவந்தது. ஆந்திரம் தன் சட்டத்தை 1994இல் கொண்டுவந்தது. பறவைகள் சரணாலயமும் அப்படித்தான். ஆந்திரம் தன் பங்கை 1976இல் சரணாலயம் ஆக்கியது. தமிழ்நாடு 1980இல் ஆக்கியது. பூநாரை மட்டும் இரண்டு பக்கமும் தாராளமாகப் பறக்கிறது!

மீனவன் பறவை இல்லையே. மீன் போன வழியில் அவன் படகும் போகிறது. தண்ணீரில் எல்லைக் கல் நட முடியாது. "எங்கள் பக்கம் ஏன் வந்தாய்?" என்று ஒருவர் கேட்க, "கோடு எங்கே இருக்கிறது, காட்டு" என்று மற்றவர் கேட்க, சண்டை வந்தது. படகுகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்து பேசுவார்கள். சில காலம் அமைதி. மீண்டும் மீன் குறையும், மீண்டும் சண்டை. வீட்டுக்குள் சோறு குறைந்தால் அண்ணன் தம்பியே அடித்துக்கொள்வதில்லையா?

மீன் ஏன் குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும். 1990களில் இறால் பண்ணைகள் கரையோரமெங்கும் முளைத்தன. ஏற்றுமதிப் பணம் கொட்டியது. பண்ணைக் கழிவு நீர்நிலைகளில் கலந்தது. அப்போது சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. சிலிக்கா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'தமிழ்நாட்டுக் கரையில்' என்றோ 'ஆந்திரக் கரையில்' என்றோ நீதிமன்றம் பிரித்துப் பேசவில்லை. ஏரி முழுவதற்கும் ஒரே அளவு! இரண்டு அரசாங்கங்கள் கூடிச் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு முதியவரின் வழக்கு செய்தது.

ஆனால் 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, உரிமம் பெற்ற பண்ணைகளுக்குக் கடலோரத்தில் வழிவிட்டது. நீதிமன்றம் ஒரு முறை தீர்ப்புச் சொல்லும். தினமும் ஏரிக்கரையில் வந்து காவல் நிற்க அதனால் முடியாது.

உலகம் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் பழவேற்காட்டுக்கு மட்டும் வந்ததல்ல. வட அமெரிக்காவின் பேரேரிகளை எட்டு அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் ஒண்டாரியோவும் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலிலிருந்து புகுந்த லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி ஏரி மீன்களை உறிஞ்சி அழித்தபோதுதான் கண் திறந்தது. 1954இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்து ஒரு பொது ஆணையத்தை அமைத்தன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்கும் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து 1994இல் ஒப்பந்தம் எழுதி, ஒரு பொது மீன்வள அமைப்பை உண்டாக்கின.

தனி நாடுகளாலேயே முடிகிறது. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களால் முடியாதா? கடலில் முடிந்திருக்கிறதே! இந்தியாவின் கிழக்குக் கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் ஒரே தேதிதான். பக்கத்து மாநிலத்தான் பிடிக்கிறான், நான் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

ஆள் செத்த பிறகா விதி?

மலாக்கா நீரிணையும் இதே பாடத்தை இரத்தத்தில் படித்திருக்கிறது. 1960களில் இழுவைப் படகுகள் மேற்குக் கரைக்கு வந்தன. அடிமட்டம் வரை வழித்துக்கொண்டு போகும் அந்த வலைகளுக்கும் சிறு மீனவர்களுக்கும் கடலிலேயே போர் மூண்டது. 1964க்கும் 1976க்கும் இடையில் படகுகள் எரிந்தன, மூழ்கின. முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான், 1980களில், கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரை சிறு மீனவர்களுக்கே என்று பகுதி பிரித்தார்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமும் வந்தது. விதி நல்ல விதிதான். வருவதற்குள் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது!

வரலாறு சொல்வது இதுதான். தண்ணீரின் மேல் போடும் எல்லைக் கோடு வரி வசூலிக்க உதவும், வரைபடம் அச்சிட உதவும். மீனைக் காப்பாற்ற உதவாது. இரு கரை மனிதர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதிய விதிதான் இரு கரையிலும் செல்லும். பழவேற்காட்டுப் பெரியவர்கள் சீட்டுக் குலுக்கிச் செய்தது அதைத்தான். அவர்கள் விட்ட குறை, அந்தப் பாயில் இருளர் பெண்ணுக்கும் அடுத்த கரைக்காரனுக்கும் இடம் போடாததுதான்.

முகத்துவாரத்தைத் தூர்வாரும் செலவு, வலைக்கண்ணின் அளவு, மீன் முட்டையிடும் மாதங்களில் ஓய்வு. இந்த மூன்றையும் சென்னையும் ஆந்திரமும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் ஏரி பிழைக்கும். பெர்னாம் ஆற்றுக்கும் கணக்கு வேறல்ல. 1825இல் எல்லை எழுதியபோது மீனவனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இனி எழுதும் விதிக்கு ஊத்தான் மெலிந்தாங் மீனவரையும் சபாக் பெர்னாம் மீனவரையும் ஒரே மேசைக்கு அழைப்பதில் பேராவுக்கும் சிலாங்கூருக்கும் என்ன நட்டம்?