மஅபர் கடலின் மர்ஸாக்கள்: மதுரையை நாடி வந்த மரக்கலங்கள் எங்கே நின்றன?

மதுரை மாநகருக்குக் கடல் இல்லை. வைகைக் கரையிலிருந்து எத்திசையில் நடந்தாலும் வயலும் கண்மாயும் பனங்காடும் கடந்துதான் கடற்காற்றை நுகர முடியும். ஆயினும் இந்நகரின் வரலாற்றில் பாதி கடல்வழியே வந்ததாகும். பாண்டியரின் முத்து கடலிலிருந்து வந்தது. அவர்தம் படைக்குரிய அரபுக் குதிரைகள் கடலைக் கடந்து வந்தன. நம் முன்னோரில் பலரும் அவ்வழியே வந்தனர். வரலாற்று நூல்கள் இவற்றையெல்லாம் விரித்துரைக்கின்றன. எனினும் எளியதொரு வினாவை அவை பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கப்பல்கள் எங்கே நின்றன? பாறையும் மணல்திட்டும் மலிந்த ஆழமற்ற அக்கடலில் நங்கூரம் பாய்ச்சத் தக்க இடத்தை அவை எவ்வாறு கண்டுகொண்டன?

இவ்வினாவின் அருமையை நமக்கு உணர்த்துபவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344 அளவில், அவர் இலங்கையிலிருந்து மஅபர் நாட்டுக்குக் கப்பலேறினார். மதுரையை அப்போது ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானீ அவருக்கு மனைவி வழியில் உறவினர். இலங்கைக்கும் தமிழ்க் கரைக்கும் இடைப்பட்ட கடல் குறுகியது. உலகின் பாதியைச் சுற்றியவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஆனால் காற்று வலுத்தது. கப்பலில் விவரமறிந்த தலைவன் இல்லை என்று அவரே எழுதுகிறார். பாறைகளை நெருங்கி உடையும் தறுவாயில் தப்பிய கப்பல், ஆழமற்ற நீரில் புகுந்து தரை தட்டியது. பொருள்களைக் கடலில் எறிந்தனர். பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். தம்மைச் சேர்ந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு இப்னு பதூதா உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவைக் கழித்தார். காலையில் கரையோர மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர்.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் அவர் உயிர் பிழைத்த வியப்போடு நின்றுவிடுகின்றனர். நாம் கவனிக்க வேண்டியது அவர் தரும் ஓர் அளவை. கப்பல் தரை தட்டிய இடத்துக்கும் கரைக்கும் இடையே இரண்டு பர்ஸக் தொலைவு இருந்தது என்கிறார். அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். கரையிலிருந்து அவ்வளவு தொலைவிலேயே அடிமரம் தரையைத் தொடுகிறது! இக்கடலின் இயல்பு முழுவதும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

கடக்கும் இடமும் நிற்கும் இடமும்

அரபியர் இக்கரைக்கு இட்ட பெயர் மஅபர். 'அபர' என்னும் வினையடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் கடக்கும் இடம் என்பது பொருள். கடப்போருக்கு நிற்குமிடமும் வேண்டும். கப்பல் நங்கூரமிட்டு நிற்கும் இடத்தை அரபியில் 'மர்ஸா' என்பர். அசையாமல் ஊன்றி நிற்றலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. திருக்குர்ஆன் மலைகளைக் குறிக்க ஆளும் 'ரவாஸீ' என்னும் சொல்லும் அதே வேரினது. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைப் பற்றிப் பேசும் ஹூது அத்தியாயத்திலும் கப்பலின் ஓட்டமும் அது நிலைகொள்வதும் இணைத்தே சொல்லப்படுகின்றன. ஓடுவது பாதிப் பயணம். நிற்கத் தெரிவது மறுபாதி.

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே நீளும் ஒடுங்கிய நிலப்பகுதி கடலை இரண்டாகப் பகுக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் நீரிணையைச் சார்ந்த விரிகுடா. பாம்பன், இராமேசுவரம் பகுதி மக்கள் இவற்றைத் தென்கடல், வடகடல் என்றே வழங்குவர். வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. சேறும் மணலும் படிந்தது. தென்கடலில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள் சரம்போல் அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்து பவளப் பாறைகள் கிடக்கின்றன.

காற்றும் இரண்டே. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது நிலம் மறைப்பதால் வடகடல் அமைதி காக்கும். வடகிழக்கு வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகும். எனவே ஆனியில் அரணாக இருந்த துறை மார்கழியில் பொறியாக மாறும். ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் ஒரு துறையை இங்கு தேடுவது வீண். இரு கடலிலும் ஒவ்வோர் இடத்தை அறிந்து, காற்று மாறும் முன் இடம் மாறத் தெரிந்தவனே பிழைப்பான். தென்கடலில் கீழக்கரையும் பெரியபட்டினமும், வடகடலில் தேவிபட்டினமும் தொண்டியும் என நம் மக்களின் ஊர்கள் இருபுறமும் அமைந்ததை இக்கண்கொண்டு நோக்கினால், அது தற்செயல் எனத் தோன்றவில்லை. இரண்டையும் இணைக்கும் பாம்பன் கால்வாய் பெரிய கப்பலுக்கு இடங்கொடாத குறுகிய வாயில். 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை ஆழப்படுத்திய பின்னரும் சிறு கலங்களுக்கே அது வழியாயிற்று.

நல்ல மர்ஸாவின் இலக்கணம்

நல்ல நங்கூரத் துறைக்கு நான்கு தகுதிகள் வேண்டும். முதலாவது மறைவு: காற்றையும் அலையையும் தடுக்கும் முனையோ தீவோ பாரோ இருத்தல். இரண்டாவது ஆழம்: நீர் வற்றும் வேளையிலும் கலம் மிதக்க வேண்டும், நங்கூரக் கயிறு எட்டாத அளவுக்கு ஆழம் மிகவும் கூடாது. மூன்றாவது தரை: சேறும் இறுகிய மணலும் நங்கூரத்தைப் பற்றும், பாறையில் அது வழுக்கும், அல்லது இடுக்கில் சிக்கிக் கயிற்றை அறுக்கும். நான்காவது வழி: உள்ளே புகும் வழி மட்டுமன்றி, காற்று மாறினால் வெளியேறும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றோடு குடிநீரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்விலக்கணத்தை நம் துறைகளோடு பொருத்திப் பார்ப்போம். பொருநை எனப்படும் தாமிரபரணியின் முகத்தில் முதலில் கொற்கை செழித்தது. ஆறு கொணர்ந்த மணல் அதன் வாயை மூடியது. இன்று கொற்கை கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அதன் இடத்தைக் காயல் பெற்றது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தது, பழையகாயல் என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆற்றுமுகம் தந்த அடைக்கலத்தை ஆறே திரும்ப எடுத்துக்கொண்டது.

வைகையின் கதையும் இதுவே. அதன் முகத்தருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் உரோமானியத் தொடர்பைக் காட்டும் மட்கலங்கள் கிடைத்தன. மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலின் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்தது. கீறியவர் யாரோ அறியோம். அத்தகைய கப்பலைக் கண்ணால் கண்டவர் என்பதில் ஐயமில்லை. மதுரையைத் தழுவி ஓடும் அதே ஆறு கடலைத் தொடும் இடத்தில் அக்கலங்கள் நின்றன.

கீழக்கரையும் பெரியபட்டினமும் வேறு வகையின. அங்கே மறைவு தருபவை எதிரேயுள்ள தீவுகளும் பார்களுமே. வெளிக்கடலின் அலை பவளப் பாரில் மோதி உடைய, உட்புறத்தில் நீர் அடங்கி நிற்கும். பெரியபட்டினத்து மண்ணில் 13, 14 ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அண்மையிலுள்ள திருப்புல்லாணிக் கோயிலின் 13 ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையைப் பேசுகிறது. மதுரை வேந்தர் கடலோடிகளை அரவணைத்த காரணம் புரிகிறதன்றோ? துறை பாண்டியருடையது, துறையை அடையும் அறிவு கடலோடிகளுடையது.

குதிரை வணிகம் இதனை மேலும் தெளிவாக்கும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியர் விலை கொடுத்தனர் என்றும் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியரின் அமைச்சராக விளங்கி ஃபத்தன், மலீஃபத்தன், காயல் ஆகிய துறைகளை மேற்பார்த்தார். மிளகு மூட்டையைத் தோணியில் இறக்கிக் கரைக்குக் கடத்தலாம். வாரக்கணக்கில் கடலில் ஆடி மிரண்ட குதிரையை அலைபாயும் நீரில் இறக்குவது எளிதோ? அமைதியான மர்ஸா இல்லையேல் 220 தீனார் கடலோடு போயிற்று.

இயற்கை மறைவு தராத இடத்தில் மனிதர் செய்த ஏற்பாட்டையும் இப்னு பதூதா பதிவு செய்துள்ளார். ஃபத்தன் என்னும் துறையைப் பெரிதும் புகழும் அவர், பருத்த மரங்களின்மேல் நீருள் எழுப்பப்பட்ட பெரும் மண்டபமும், அதனை அடைய மேற்கூரையிட்ட மரப்பாதையும் அங்கே இருந்ததாகக் கூறுகிறார். பகைவர் வந்தால் கப்பல்களை அம்மண்டபத்தோடு பிணைத்துவிட்டு வில்லாளர் அதன்மேல் ஏறிக்கொள்வராம். ஃபத்தன் எவ்வூர் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்க்க முயல்வோர் சொல்லொலியை மட்டும் ஒப்பிடாமல், அத்தகைய கட்டுமானத்தை எந்தக் கரையின் ஆழமும் தரையும் தாங்கும் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

முஅல்லிம் என்னும் மாலுமி

இக்கடலின் சொற்கள் நம் வகுப்பறையின் சொற்களோடு உறவுடையவை. தமிழில் நாம் வழங்கும் 'மாலுமி' அரபியின் 'முஅல்லிம்', அதாவது ஆசிரியர். திசைதிருப்பும் 'சுக்கான்' அரபிச் சொல்லே. ஆழத்தை நம் கடலோடிகள் 'பாகம்' என்று அளந்தனர். அரபியர் 'பாஉ' என்றனர். இரண்டும் விரித்த இரு கைகளின் நீளம். மொழி வேறானாலும் அளவுகோல் மனித உடலே.

தீவுகளின் பெயர்களும் ஒரு வழிகாட்டி நூல் போன்றவை. வேம்பாருக்கு எதிரே ஒரு தீவு நல்லதண்ணி, மற்றொன்று உப்புத்தண்ணி. கீழக்கரைக்கு எதிரே ஆனைப்பார், வாலிமுனை. எங்கே குடிநீர், எங்கே பாறை, எங்கே முனை எனத் தாகத்தோடும் அச்சத்தோடும் வந்தவனுக்குச் சொல்லிவைத்த பெயர்களாகவே இவை நமக்குத் தோன்றுகின்றன.

ஜுல்ஃபாரில் பிறந்த இப்னு மாஜித், 1490 அளவில் இயற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடல்நூலில் முஅல்லிம்களை மூன்று தரத்தினராகப் பிரிக்கிறார். ஒருவன் போய்வருவான், சிலபோது தப்புவான், சிலபோது தவறுவான். இரண்டாமவன் தான் பழகிய கரைகளில் தேர்ந்தவன். மூன்றாமவன் அனைத்தையும் அறிந்து அறிந்ததை எழுதியும் வைப்பவன். இப்னு பதூதாவின் கப்பலை ஓட்டியவன் முதல் தரம். படகில் சென்று அவரை மீட்டவர்கள், பார்களுக்கிடையே வழி தெரிந்தவர்கள், இரண்டாம் தரத்தின் அறிவுடையோர். மூன்றாம் தரத்துக்கு இப்னு மாஜிதும் சுலைமான் அல்-மஹ்ரீயும் சான்று. நம் கரை இரண்டாம் தரத்தாரைத் தலைமுறை தலைமுறையாக ஈன்றது. மூன்றாம் தரத்தாரை ஈன்றதற்கு நம் கையில் ஏடு இல்லை. இதுவே நம் மனத்தை உறுத்தும் குறை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரோடு கீழக்கரைப் பக்கம் சென்றபோது, இளமையில் பாய்த்தோணி ஓட்டிய முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். ஈயக்குண்டின் அடியில் கொழுப்புத் தடவிக் கடலில் இறக்குவதையும், அதில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து நங்கூரம் பற்றுமா என்று முடிவு செய்வதையும் அவர் விளக்கினார். மணலாயின் இந்த நிறம், சேறாயின் இந்த மணம், ஒன்றும் ஒட்டாமல் வந்தால் கீழே பாறை. மாணவர் ஒருவர் இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்றார். பெரியவர் சிரித்தார். "ஹஜ்ரத், எங்க வாப்பா கையைப் பிடிச்சுக் காட்டுனதுதான்" என்று நம்மைப் பார்த்துச் சொன்னார். தம் பிள்ளைகளில் எவரும் கடலுக்குப் போகவில்லை என்பதையும் சொன்னார். அவர் கூறிய பெயர்களில் பாதியை நாம் குறித்துக்கொண்டோம். மறுமுறை சென்றபோது அவர் இல்லை.

2005 ஜூலை 2 அன்று, கடலில்லாத நம் மதுரையில்தான் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 12 மீட்டர் ஆழத்தில் கால்வாய் வெட்டிப் பெருங்கப்பல்களைச் செலுத்துவது அதன் நோக்கம். வழக்குகளால் 2007 இல் பணி தடைப்பட்டது. அதன் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆழமற்ற கடலை ஆழமாக்குவது ஒரு வழி. ஆழமற்ற கடலை அறிந்து அதனோடு வாழ்வது மற்றொரு வழி. நம் முன்னோர் அறிந்தது இரண்டாவதையே. அந்த அறிவுக்குச் சான்றான நிலமும் நிலைக்கவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததால் அலைத்தடுப்பை இழந்து, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீரில் மூழ்கின. ஒரு மர்ஸாவின் மறைவை மனிதக் கைகளே பெயர்த்தெடுத்த கதை அது.

மரக்காயர் பெருமையைப் பேசும் மேடைகளில் வணிகரின் செல்வமும் வள்ளல்களின் கொடையும் குறைவின்றிப் பேசப்படுகின்றன. அச்செல்வத்தைக் கரை சேர்த்த முஅல்லிமின் பெயரை எவரும் சொல்வதில்லை. கீழக்கரையிலும் காயலிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாய் விரித்த முதியோர் இன்னும் சிலரேனும் இருக்கக்கூடும். அரபுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவர்முன் அமரட்டும். பார்களின் பெயர், காற்றின் பெயர், எந்த மாதம் எங்கே நங்கூரம், எந்த மரத்தை எந்த மினாராவோடு ஒருங்கே நிறுத்தி உள்ளே புகுவது என்பதைக் கேட்டு எழுதட்டும். இப்னு மாஜித் கூறிய மூன்றாம் தரத்தை நம் கரை இன்னும் எட்ட முடியும். எழுதுகோலைக் கையிலெடுக்க வேண்டியவர்கள் கரையில் இருக்கும் நாமே.