விருப்பத்தைப் பதிவு செய்தவர்கள்: ஆண்டுப் பாடல் பட்டியலின் இந்திய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் இணையவெளியெங்கும் பட்டியல்கள் பெருகத் தொடங்குகின்றன. இவ்வாண்டு வெளிவந்த இசைத்தொகுப்புகளுள் தமக்குப் பிடித்தவை எவை என்று ஆளாளுக்கு வரிசைப்படுத்துகின்றனர். ஒருவர் பட்டியலில் முதலிடம் பெற்றது இன்னொருவர் பட்டியலில் இடம்பெறவே இல்லை என்பதற்காக நீண்ட வாதங்கள் நடக்கின்றன. இதனை இணையக் காலத்தின் புதுப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. இந்தியாவில் இப்பழக்கத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது ஆகிறது. அதன் தொடக்கத்தில் இருப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று; எந்த இசையைக் கேட்பது என்பதை அரசு முடிவு செய்யலாமா, கேட்பவர் முடிவு செய்யலாமா என்ற வழக்கும் அதில் இருக்கிறது. அந்த வழக்கின் வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்விளக்கம். ‘ஆல்பம்’ என்பது இன்று ஒரு கலைஞரின் பாடல்கள் ஒரே தலைப்பில் தொகுக்கப்பட்டதைக் குறிக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் காலத்தில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் அடங்கும். அத்தகைய தட்டுகள் பலவற்றைப் புகைப்பட ஆல்பம்போல் ஒன்றாகக் கட்டி விற்றதனால்தான் அப்பெயரே வந்தது. இந்தியத் திரைப்பாடல்களோ தனித்தனித் தட்டுகளாகவே பெரும்பாலும் விற்கப்பட்டன. எனவே இங்கே ரசிகரின் விருப்பத்துக்கு அலகாக அமைந்தது தொகுப்பன்று, பாடல். திரைப்படத்தின் பாடல்கள் அனைத்தும் ஒரே நெடுந்தட்டில் கிடைப்பது பரவலான வழக்கமாக ஆனபோது 1970கள் வந்துவிட்டன. இந்திய ஆண்டுப் பட்டியலின் தொடக்கக் கதை பாடல்களின் கதையாக இருப்பதற்கு இத்தொழில்நுட்பமே முதற்காரணம்.

‘இவ்வாண்டின் புதுவெளியீடு’ என்ற எதிர்பார்ப்பு இதற்கு முன்பே ஓரிடத்தில் உருவாகியிருந்தது. வங்கத்தில் துர்க்கை பூசையையொட்டி இசைத்தட்டு நிறுவனங்கள் புதிய பாடல்களை வெளியிடும் வழக்கம் இருந்தது. ‘பூஜார் கான்’ எனப்பட்ட அப்பாடல்கள் பெரும்பாலும் திரைப்படம் சாராத தனிப்பாடல்கள். கிராமபோன் நிறுவனம் ‘சரத் அர்க்ய’ என்ற பெயரில் பாடல்வரிகளும் கலைஞர்களின் படங்களும் கொண்ட சிறுநூலை ஆண்டுதோறும் அச்சிட்டது. புத்தாடையும் இதழ்களின் பூசை மலரும் போலவே புதுப்பாடலும் அப்பருவத்தின் உரிமைப்பொருளாயிற்று. சலில் சௌத்ரி, ராகுல் தேவ் பர்மன் ஆகியோரின் பூசைப் பாடல்கள் சில பின்னர் இந்தித் திரைப்பாடல்களாக மறுபிறவி எடுத்தன. ஆயினும் எவற்றை வெளியிடுவது என்பதை முடிவு செய்தது நிறுவனமே. கேட்பவர் வாங்கலாம், வாங்காமலிருக்கலாம். தம் தீர்ப்பைப் பொதுவெளியில் பதிவு செய்ய அவருக்கு வழி இருக்கவில்லை. அவ்வழி திறந்தது வேறிடத்தில்.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறையின் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், 1962 வரை அப்பதவியில் இருந்தார். செவ்வியல் இசையே நாட்டின் இசை, திரைப்பாடல் மலிவானது, மேற்கின் சாயல் படிந்தது என்பது அவருடைய உறுதியான கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரம் கடுமையாகக் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதையும் வானொலி தவிர்க்க, தயாரிப்பாளர்களுடன் பூசல் மூண்டது. திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. அவ்விடத்தை நிரப்ப வானொலியே மெல்லிசைப் பிரிவுகளை உருவாக்கியது. இக்கொள்கையில் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அரசவைகளின் ஆதரவு அற்றுப்போன காலத்தில் செவ்வியல் கலைஞர் பலருக்கு வானொலியே வாழ்வளித்தது. ஆனால் கேட்பவரைத் திருத்தப்பட வேண்டியவராகக் கருதியதே அக்கொள்கையின் அடிப்படைக் குறை. டேவிட் லெலிவெல்டு அகில இந்திய வானொலியின் இசை நிர்வாகத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இப்பின்னணியை அறிய விரும்பும் மாணவர்களுக்கு நல்ல தொடக்கம்.

திருத்தப்பட விரும்பாத கேட்போர் அலைவரிசையைத் திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் தன் படைவீரர்களுக்காகக் கொழும்பில் அமைத்த ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி, 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. போருக்கென்று எழுந்த அக்கருவி, ரேடியோ சிலோனின் வணிக ஒலிபரப்பில் துணைக்கண்டம் முழுவதற்கும் பாடல்களை ஏந்திவந்தது. தமிழ்நாட்டில் அதன் தமிழ்ச் சேவைக்கு இருந்த செல்வாக்கை நம் முந்தைய தலைமுறையினர் இன்றும் சொல்லக் கேட்கலாம். வடக்கே அதே செல்வாக்கை இந்திச் சேவை பெற்றது.

1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு 8 மணிக்கு ‘பினாக்கா கீத்மாலா’ முதன்முறையாக ஒலிபரப்பானது. பற்பசை நிறுவனம் செலவை ஏற்றது. மும்பையில் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடா விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து வான்வழி இந்தியாவுக்குத் திரும்பியது. சொந்த நாட்டின் பாடல் அயல்நாடு சென்று சுற்றி வீட்டுக்கு வரவேண்டியிருந்தது என்பதே அக்காலக் கொள்கையின் விளைவைச் சொல்லப் போதும். தொகுத்து வழங்கியவர் இருபது வயதை எட்டவிருந்த அமீன் சயானி. வாரத்துக்கு 25 ரூபாய் ஊதியத்தில் மூத்தவர்கள் எவரும் ஏற்க விரும்பாத வேலையாகையால் அது தமக்கு வந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

தொடக்கத்தில் அது தரவரிசை நிகழ்ச்சியன்று. அரைமணி நேரத்தில் ஏழு பாடல்கள், எந்த வரிசையும் இன்றி ஒலிக்கும். அவற்றைச் செல்வாக்கின் அடிப்படையில் நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். சரியாக எழுதியவருக்கு 100 ரூபாய்ப் பரிசு. முதல் ஒலிபரப்புக்கே 9,000 கடிதங்களும், ஓராண்டுக்குள் வாரத்துக்கு 65,000 கடிதங்களும் வந்ததாகச் சயானி நினைவுகூர்ந்துள்ளார். இவ்வெண்கள் நிகழ்ச்சியை நடத்தியவரின் வாய்மொழி என்பதை ஆய்வாளர்கள் மறத்தலாகாது. ஆனால் கடிதப் பெருக்கைச் சமாளிக்க இயலாமல் போட்டியே கைவிடப்பட்டது என்பது அவற்றுக்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது. 1954இன் இறுதியில் நிகழ்ச்சி ஒருமணி நேரமாகி, பதினாறு பாடல்களின் வாராந்தரத் தரவரிசையாக மாறியது. வாரந்தோறும் பெற்ற இடங்களைக் கூட்டி ஆண்டிறுதியில் ஒரு பட்டியல் அமைந்தது. 1953ஆம் ஆண்டுப் பட்டியலின் முதலிடம் சி. ராமச்சந்திரா இசையமைத்த ‘அனார்கலி’ படப்பாடலுக்கு. 1955க்கு உரியது சங்கர்–ஜெய்கிஷனின் ‘ஸ்ரீ 420’ படப்பாடல். ஆண்டிறுதி ஒலிபரப்பு ஒரு திருவிழாவைப்போல எதிர்பார்க்கப்பட்டது.

தரவரிசை எதைக்கொண்டு அமைந்தது? நாடெங்கும் உள்ள இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை ஒன்று. நேயர் கடிதங்கள் மற்றொன்று. விற்பனைக் கணக்கைப் பணம் படைத்தோர் செயற்கையாக உயர்த்திவிடக்கூடும் என்ற ஐயம் எழுந்தபோது, ‘ஷ்ரோதா சங்கம்’ எனப்பட்ட நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்க்கப்பட்டது. இம்மன்றங்கள் வரலாற்றாசிரியர் கவனத்துக்கு உரியவை. வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. பெட்டி இல்லாதவர்களும் தேநீர்க்கடையிலும் அண்டைவீட்டிலும் கூடிக் கேட்டனர். கூடிக் கேட்டவர்கள் கூடி விவாதித்து, கூடி எழுதினர். ரசனை தனிமனிதரின் அந்தரங்கமாக இருக்கவில்லை. ஊரின் பெயரால் அறிவிக்கப்படுவதாக இருந்தது.

இதற்குச் சிறந்த சான்று ஜும்ரி தலையா. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்தில் உள்ள, அப்பிரக வணிகத்தால் வளர்ந்த அச்சிறுநகரிலிருந்து ரேடியோ சிலோனுக்கும் பின்னர் விவித் பாரதிக்கும் இடைவிடாமல் அஞ்சலட்டைகள் சென்றன. அறிவிப்பாளர்கள் அவ்வூர்ப் பெயரை ஓயாமல் வாசிக்கக் கேட்ட பலர், அப்படி ஓர் ஊரே இல்லை, அது வானொலிக்காரர்களின் கற்பனை என்று எண்ணினர். தலைநகரின் செய்திகளில் ஒருபோதும் இடம்பெறாத ஊர், ஒரு பாடலை விரும்பியதன் மூலம் நாட்டின் நினைவில் தன் பெயரை எழுதிக்கொண்டது. விருப்பப் பாடலின் வேண்டுகோள் அங்கே பாடலுக்கானது மட்டுமன்று. நாங்கள் இங்கே இருக்கிறோம் என்ற அறிவிப்பும்தான்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு சொல்லைச் சுட்ட விரும்புகிறேன். இந்தி வானொலியில் நேயர் விருப்பத்துக்கு வழங்கும் சொல் ‘ஃபர்மாயிஷ்’. ஆணையிடுதல் என்னும் பொருளுடைய பாரசீக வினையடியிலிருந்து வந்தது. அரசாணையைக் குறிக்கும் ‘ஃபர்மான்’ இதன் உடன்பிறப்பு. இசையரங்குகளில் பாடகரிடம் இன்னது பாடுக என்று கேட்கும் உரிமை புரவலருக்கு உரியதாக இருந்தது; அந்த வேண்டுகோளே ஃபர்மாயிஷ். விவித் பாரதி தன் நிகழ்ச்சிக்கு ‘ஆப் கீ ஃபர்மாயிஷ்’ என்று பெயரிட்டபோது, நவாபின் சொல் அஞ்சலட்டை எழுதுபவரின் கைக்கு வந்தது. தமிழில் நாம் ‘நேயர் விருப்பம்’ என்கிறோம். விருப்பம் உள்ளத்தைச் சார்ந்த சொல். ஃபர்மாயிஷ் அதிகாரத்தைச் சார்ந்த சொல். ஒரே செயலை இரு மொழிகள் இரு வரலாறுகளிலிருந்து பெயரிட்டிருக்கின்றன.

சயானியின் மொழியும் இவ்வகையில் நோக்கத்தக்கது. விடுதலைக்குப் பின் அரசு வானொலியின் இந்தி வடமொழிச் சொற்களை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்த காலத்தில், அவர் பேசியது எளிய இந்துஸ்தானி. தரவரிசைப் படியைப் ‘பாய்தான்’ என்றார். உச்சியைத் தொட்ட பாடலைச் ‘சர்தாஜ்’, அதாவது தலைமேல் முடி, என்றார். நேயர்களைச் ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று பெண்களை முன்னிறுத்தி விளித்தார். அவருடைய தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக ‘ரஹ்பர்’ என்ற இதழை நாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் நடத்தியவர். அவ்விதழின் மொழிக்கொள்கை மகன் வழியாக வானொலியில் ஏறியது என்று கொள்வதில் தவறில்லை. இந்துஸ்தானி என்ற பொதுமொழி அரசின் ஏடுகளில் தோற்றபின்பும், புதன்கிழமை இரவுகளில் அது தோற்காமல் இருந்தது.

அரசு இறுதியில் இணங்கியது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. திரைப்பாடல் அரசு வானொலிக்குத் திரும்பியது. 1967இல் அதில் விளம்பரங்களும் அனுமதிக்கப்பட்டன. கீத்மாலாவே 1989இல் விவித் பாரதிக்கு இடம்பெயர்ந்து 1994 வரை நீடித்தது. கொழும்பின் வணிகப் போட்டி இம்மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் என்பது உண்மை. அந்தப் போட்டியின் வலிமை எதில் இருந்தது என்று கேட்டால், விடை அக்கடித மூட்டைகளில் இருக்கிறது.

இனி ஆய்வு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கீத்மாலாவின் ஆண்டுப் பட்டியல்களை ‘அக்கால மக்களின் ரசனை’ என்று நேரடியாக மேற்கோள் காட்டும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அது பிழையான வாசிப்பு. முதலாவதாக, அது இந்தித் திரைப்பாடல்களின் பட்டியல், இந்தியாவின் பட்டியலன்று. இரண்டாவதாக, வாரப் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஆண்டின் முதற்பகுதியில் பரவும் பாடலுக்கு இயல்பாகவே சாதகமானது. 1958இல் வெளியான ‘சல்தி கா நாம் காடி’யின் பாடல் 1959 பட்டியலிலும், 1961இல் வெளியான ‘ஜங்லி’யின் பாடல் 1962 பட்டியலிலும் முதலிடம் பெற்றதைக் காண்க. மூன்றாவதாக, தட்டு வாங்கப் பணமும் கடிதம் எழுத எழுத்தறிவும் இல்லாதவர்களின் விருப்பம் அதில் ஏறவில்லை. ஆகவே அப்பட்டியல் ரசனையின் அளவுகோலன்று. தம் ரசனை பதிவாக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களின் ஆவணம். அவ்வாறு படித்தால் அதன் மதிப்பு குறைவதில்லை, கூடுகிறது.

இன்று ஒலியோடைச் செயலிகள் ஆண்டிறுதியில் நாம் எதை எத்தனை முறை கேட்டோம் என்று நமக்கே அறிக்கை அளிக்கின்றன. நாம் எழுதாமலே நம் விருப்பம் எண்ணப்படுகிறது. எழுத்தறிவின் தடை அதில் இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் எண்ணும் முறையும் எண்ணிய தரவும் நிறுவனத்தின் உடைமைகள். அந்த அறிக்கையை அப்படியே பகிர்வதற்கும், சிந்தித்து வரிசைப்படுத்தி, காரணம் எழுதி, மறுப்பவரோடு வாதிட்டு ஒரு பட்டியலை வெளியிடுவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைச் செய்பவர்களே நேயர் மன்றங்களின் வழித்தோன்றல்கள்.

அமீன் சயானி 2024 பிப்ரவரி 20 அன்று தம் 91ஆம் வயதில் மறைந்தார். அவரது குரல் ஒலித்தொகுப்புகளில் கிடைக்கிறது; ஆண்டுப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டாதவை அஞ்சலட்டைகளும், மன்றங்களின் பதிவேடுகளும், பாடல்களை வாரந்தோறும் குறித்துவைத்த குறிப்பேடுகளும். இந்தியைப் போலவே தமிழ் நேயர்களுக்கும் இது பொருந்தும். இவை எந்த ஆவணக்காப்பகத்தையும் விட நம் தாத்தா பாட்டிகளின் இரும்புப் பெட்டிகளில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வீட்டை ஒழிக்கும்போது பழைய தாள்கள் எடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வரிசை எண்களோடு பாடல் பெயர்கள் எழுதிய ஒரு குறிப்பேடு கிடைத்தால் அதை ஒளிப்படம் எடுத்து வையுங்கள். எழுதியவர் உயிரோடிருந்தால், ஏன் அந்தப் பாடலை முதலில் வைத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது அந்தக் காரணம்தான்.