சாந்தோம் கரையும் அரசாங்க ரகசியமும்

1672ஆம் ஆண்டு ஜூலையில் சாந்தோமைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே, முதலில் கோல்கொண்டா சுல்தானின் சேனையும் பின்னர் டச்சுக்காரரின் கப்பல்களும் சூழ்ந்துகொள்ள, 1674 செப்டம்பரில் ஊரை ஒப்படைக்கும் வரையில், முற்றுகையைக் கடந்து செல்லத் துணிந்த மனிதர்களை நம்பியே வெளியுலகோடு தொடர்பு கொள்ள வேண்டியவரானார். செய்தி செல்லும் மார்க்கம் பிறர் வசமாகிவிட்ட அரசுக்குப் பீரங்கிகள் இருந்தும் பயன் சொற்பமே. வடக்கே ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கம்பெனியாரோ, கடலில் அழிந்துபோகுமென்று அஞ்சி, ஒரே கடிதத்தின் பிரதிகளை வெவ்வேறு கப்பல்களில் லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். 1749இல் சாந்தோமும் அவர்கள் கைக்கு வந்தது.

சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் சற்று வடக்கே நடந்தால், தூண்கள் வரிசையிட்டு நிற்கும் வெள்ளை மாளிகை ஒன்றைக் காணலாம். பிறர் அறியலாகாத சடங்குகளை உடைய ஃப்ரீமேசன் சங்கத்தாருக்காக 1839இல் எழும்பிய அக்கட்டடத்தை 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்த போலீஸ் இலாகா, 1874இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிற்று. இன்றும் மாநிலக் காவல்துறையின் தலைமையகம் அதுவே. கடிதமும் தந்தியும் கடந்து கம்பியில்லாக் கருவி வந்தபோது செய்திக்கு வேகம் கூடியது, அந்தரங்கம் குறைந்தது. காவலர் வழக்கில் ‘மைக்’ எனப்படும் அதில் பேசுவது சாலையில் போகிறவர் செவியிலும் விழக்கூடியது.

பிற்பாடு கைபேசி வந்து, மாவட்ட நிர்வாகங்களின் உத்தரவுகளும் புகைப்படங்களும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடத் தொடங்கின. அச்செய்திகள் மறையாக்கம் பெற்றே செல்கின்றன என்பது உண்மை; ஆயினும் செயலியும் அதன் விதிகளும் அந்நிய நிறுவனமொன்றின் கையில் இருப்பதை ஓர் அரசாங்கம் அலட்சியமாகக் கருதலாகாது. இக்கவலையால்தான், மாட்ரிக்ஸ் என்னும் திறந்த நெறிமுறையின்மீது அமைந்த ‘ட்சாப்’ செயலியைப் பிரான்ஸ் அரசாங்கம் 2019இல் தன் உத்தியோகஸ்தருக்கு அளித்தது. நமது தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘சந்தேஷ்’ செயலியைப் பற்றியும், அது திறந்த மூல மென்பொருளை ஆதாரமாகக் கொண்டது, அரசின் கட்டுப்பாட்டிலேயே இருப்பது என்று 2021இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

மூலத்தைத் திறந்து வைத்தால் ரகசியம் போய்விடாதா என்று வினவுவோருக்கு 1883இலேயே விடை கிடைத்துவிட்டது. பாரிஸில் மொழியாசிரியராயிருந்த கெர்க்ஹோஃப்ஸ், மறைமுறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு விளையலாகாது, திறவுகோல் ஒன்றே மறைவாயிருந்தால் போதும் என்று எழுதினார். பூட்டின் அமைப்பு ஊரறிந்ததாயினும் சாவியில்லாதவனுக்குக் கதவு திறவாது. அமைப்பைப் பலர் ஆராயும்போது பழுதுகளும் விரைவில் வெளிப்படும்.

ஆகவே, மத்திய அரசாங்கமாயினும் தமிழ்நாட்டு அரசாங்கமாயினும், தன் உத்தியோகஸ்தருக்கு அளிக்கும் செய்திச் செயலியின் மூலநிரல் முழுவதையும் நம் கல்லூரிகளின் கணினி வல்லுநர் பரிசோதிக்கத் திறந்து வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.