சுவரும் அச்சும் வலைத்தளமும்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருவன குன்றுகளை வளைத்துச் செல்லும் மதில்களும், வானளாவி நிற்கும் ராஜகிரியுமே. மராட்டியர் காலக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக, 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆயினும், மாணவ நண்பர்களே, இன்று நாம் காணப்போவது கோட்டையை அன்று. அதன் வட்டாரத்திலுள்ள இரண்டு பழைய கோயில்களை. ஒரு கலைஞன் தன் படைப்புகளைக் குறைந்த செலவில் உலகுக்குக் காட்டுவது எங்ஙனம் என்பது இக்காலத்து வினா. அதற்கு அவ்விரண்டு கோயில்களும் விடை வைத்திருக்கின்றன.

முதலாவது மண்டகப்பட்டு. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள சிற்றூர் அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் ஆக்கினான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்து இல்லாமல், பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் ஆக்கிய கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது அவ்வேந்தனின் விருதுப்பெயர். தான் எவற்றைப் பயன்படுத்தினேன் என்று அவன் சொல்லவில்லை. எவற்றையெல்லாம் விலக்கினேன் என்றே பெருமிதத்துடன் சொல்கிறான். மரம் உளுத்துப் போகும், உலோகம் துருவேறும், செங்கல் உதிரும். இவற்றைத் தவிர்த்தமையால் அக்கோயில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

இரண்டாவது பனமலை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே குன்றின்மேல் உள்ளது. அதன் சிற்றறை ஒன்றின் சுவரில், குடையின்கீழ் மணிமுடி சூடி, ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் இன்றும் எஞ்சியுள்ளது. காலம் பெரும்பகுதியை அழித்துவிட்ட போதிலும், அம்முகத்தின் அமைதி காண்பவரை நிறுத்திவிடும். கோயிலை எடுப்பித்த அரசனின் பெயரை நாம் அறிவோம். அக்கோடுகளை வரைந்த கை யாருடையது? அவன் ஊர் எது? யாரிடம் கற்றான்? ஒன்றும் தெரியாது. சுவர் அரசனுடையது, ஆதலால் பெயரும் அரசனுடையதாயிற்று. மேலும், அவ்வோவியத்தைக் காண வேண்டுவோர் அக்குன்றின்மேல் ஏறியே ஆக வேண்டும்.

பெயரில்லாமை, தொலைவு ஆகிய இவ்விரு தடைகளையும் உடைக்கத் துணிந்தவர்களுள் ஒருவர் இரவிவர்மா. அவர் 1848இல் திருவிதாங்கூரில் பிறந்தார். அரண்மனைகளுக்கு ஓவியம் தீட்டிப் புகழ் பெற்றார். அவர் படங்களை விரும்பியோர் பலர். விலை கொடுத்து வாங்க வல்லவரோ சிலரே. தேர்ந்தெடுத்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக்கலாமே என்று அவருக்கு யோசனை கூறியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய மாதவராவ். இரவிவர்மாவோ 1894இல் பம்பாயிலேயே கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். எந்திரமும் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் கலைமகளும் எளியவர் வீட்டுப் பூசையறைக்கு வந்துவிட்டனர். அவர் பெயர் நாடெங்கும் பரவியது. ஆனால் அச்சுக்கூடம் கடனில் ஆழ்ந்தது. இறுதியில் அதனை ஷ்லைகர் என்னும் ஜெர்மானியருக்கு விற்க நேர்ந்தது. பார்ப்பவருக்குச் செலவு குறைந்தது. காட்டுபவருக்கு அது குறையவில்லை.

காட்டுபவரின் செலவு குறைய மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989இல் வையவிரிவலையைத் திட்டமிட்டார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. கல்லும் எந்திரமும் கப்பலும் வேண்டாத ஓர் அச்சுக்கூடம் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

எனினும் இலவசத்திலும் ஓர் இடர் உண்டு. ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனம் 1990களில் பொதுமக்களுக்கு வலைத்தளம் அமைக்க இலவசமாக இடம் அளித்தது. இலட்சக்கணக்கானோர் தம் படங்களையும் எழுத்துகளையும் அங்கே வைத்தனர். அதனை வாங்கிய யாகூ நிறுவனம் 2009இல் அச்சேவையை மூடிவிட்டது. இணைய ஆவணக்காப்பகம் போன்ற அமைப்புகள் மீட்டவை போக, எஞ்சியவை மறைந்தன. பனமலை ஓவியனின் நிலையே இங்கும்: சுவர் பிறருடையது.

ஆகவே, கலைஞன் பணம் கொடுத்துப் பெறவேண்டிய முதற்பொருள் அவனுடைய பெயர்தான். டொமைன் எனப்படும் வலைத்தளப் பெயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகலாம். அதனைக் கலைஞனின் பெயரிலேயே பதிவு செய்து, ஆண்டுதோறும் தவறாது புதுப்பித்தல் வேண்டும். அப்பெயர் கையில் இருந்தால், இடம் தரும் நிறுவனம் மூடப்பட்டாலும் வேறிடம் மாறிக்கொள்ளலாம். தேடி வருவோர் வழி தவறமாட்டார்கள்.

எஞ்சியவற்றுக்கு மண்டகப்பட்டு மன்னனே ஆசான். தரவுத்தளம் இல்லாமல், அசையும் அலங்காரங்கள் இல்லாமல், தாமே ஒலிக்கும் பாடல்கள் இல்லாமல், நிலையான சில பக்கங்களை மட்டும் எழுதினால் போதும். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் அத்தகைய பக்கங்களுக்குக் கட்டணமின்றி இடம் தருகின்றன. படங்களைப் பகலொளியில், நிழலான இடத்தில் எடுங்கள். கோப்பின் அளவைச் சுருக்கியே ஏற்றுங்கள். மூலப்படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தலைப்பு, ஆண்டு, நீள அகலம், பயன்படுத்திய பொருள், கலைஞரின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள்.

உங்கள் ஊரில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரை செய்பவர் இருக்கலாம். தேருக்குச் சிற்பம் செதுக்குபவர் இருக்கலாம். உங்களுக்கு ஓவியம் கற்பித்த ஆசிரியரும் இருக்கலாம். அவர்களுள் ஒருவரை அணுகி, அவர் இசைவு பெற்று, விடுமுறையில் பத்துப் படங்கள் கொண்ட ஒரு வலைத்தளம் அமைத்துத் தாருங்கள். யார் செய்தது என்று நாளை ஒருவர் கேட்கும்போது, பனமலைச் சுவரால் சொல்ல முடியாத விடையை அத்தளம் சொல்லும்.