ஆங்கிலத்தில் அளவு, நிகழ்வெண் வினையடைகள்

வெரி, டூ, இனஃப் போன்ற அளவு வினையடைகள் ஒரு பண்போ செயலோ எந்த அளவினது என்று காட்டும். ஆல்வேஸ், ஆஃபன், நெவர் போன்றவை எத்தனை முறை நிகழ்கிறது என்று காட்டும். இவற்றின் பொருள் எளிது, இடம்தான் கடினம். நிகழ்வெண் வினையடை பெரும்பாலும் முதன்மை வினைக்கு முன் நிற்கும்: ‘ஷீ ஆஃபன் சிங்ஸ்’. இஸ், ஆர், வாஸ் வந்தால் அவற்றுக்குப் பின் செல்லும்: ‘ஷீ இஸ் ஆஃபன் லேட்’. அளவு வினையடைகள் பெயரடைக்கு முன் வர, இனஃப் மட்டும் பின்னால் வரும்: ‘வார்ம் இனஃப்’. ‘வெரி ஹாட்’ மிகுந்த சூட்டைக் குறிக்கும். ‘டூ ஹாட்’ வேண்டியதற்கு மேற்பட்ட சூட்டை. இவ்வேறுபாட்டை முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது. தமிழில் ‘ஒருபோதும்’ எதிர்மறை வினையை நாடுவதால், நெவருடன் ‘நாட்’ சேர்த்துவிடும் வழக்கம் தமிழ் மாணவரிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். நெவரே எதிர்மறை, பொது ஆங்கில வழக்கில் அதனோடு ‘நாட்’ சேராது.