தஞ்சை நாட்டுத் திண்ணைப் பள்ளிகள்

காவிரிப் படுகையின் தொடக்கக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவார், தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு நிறுவிய பள்ளிகளிலிருந்து தொடங்குதல் வழக்கம். அவை சிறப்புடையனவே. ஆயினும் ஊர்தோறும் எண்ணும் எழுத்தும் பரப்பியவை திண்ணைப் பள்ளிகளே என்பது நம் கருத்து.

சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-இல் அவர் தொகுத்துரைத்தபடி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. பயின்றோர் 1,88,650 பேர். தஞ்சை மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகள் இருந்தன.

இப்பள்ளிகளின் வசதிகள் மிகச் சிலவே. தனிக் கட்டடம் இல்லை. வீட்டுத் திண்ணையே பள்ளி. இளஞ்சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகினர்; வளர்ந்தோர் ஓலையில் எழுத்தாணியால் எழுதினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைப் பயிற்றினான். ஆசிரியர்க்கு அறுவடைக் காலத்து நெல்லும், விழா நாட்களில் பெற்றோர் தரும் பொருளுமே ஊதியமாயின.

பாடங்களுள் எண்சுவடி தனித்து நோக்கத்தக்கது. நெல்லிலக்கம் முகத்தலளவையைக் கற்பித்தது: எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம். குழிமாற்றோ நிலத்தின் பரப்பைக் காணும் வாய்பாடு. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கீழ்வாயிலக்கத்தில் இருபதில் ஒரு கூறும் 'மா' எனப்படுதல் காண்க. எண்ணின் பெயரும் வயலின் பெயரும் ஒன்றாயின. மனப்பாடமாகக் கற்ற சிறுவன், பின்னாளில் கணக்கனாய் வரப்பிலும் களத்திலும் நின்று அதனையே பயன்கொண்டான். இது வெறும் உருப்போடும் கல்வி என இகழ்வார் கூற்று பொருந்தாது.

எனினும், இக்கல்வி யாரைச் சேர்ந்தது என்னும் வினா எழுகின்றது. மன்றோவின் கணக்கில் தஞ்சை மாணவருட் பிராமணரல்லாதாரே மிகுதி. ஆதலின் இஃது ஒரு வகுப்பார்க்கே உரியதாய் இருந்தது என்றல் பிழை. ஆனால் மாகாணத்தில் பயின்ற பெண்கள் 4,540 பேரே. மேலும், திண்ணை என்பது ஒரு தெருவில் உள்ளது. அத்தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்த சேரி மக்கட்கு அதன்மேல் அமரும் உரிமை ஏது? செலவின்றிப் பள்ளி அமைய உதவிய திண்ணையே அவர்களை விலக்கும் வேலியாகவும் நின்றது. அவர்கள் உழுத நிலத்தின் குழியையும், அவர்கள் அறுத்த நெல்லின் கலத்தையும் பிறரே எண்ணினர். பண்ணையாள் தன் கூலி நெல்லின் அளவைச் சரிபார்க்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

அரசுப் பள்ளிகள் பெருகவே திண்ணைப் பள்ளிகள் மறைந்தன; 1956-ஆம் ஆண்டின் மெட்ரிக் அளவைச் சட்டத்தால் குழிமாற்றின் பயனும் குன்றியது. அவற்றின் கணக்கறிவு போற்றத்தக்கது. அதனைப் போற்றுவார் அத்திண்ணையில் ஏறவொண்ணாதாரையும் உடனெண்ணுதல் வேண்டும். அதுவே நடுவுநிலை வரலாறாகும்.