இரத்தத்தில் இல்லாத எல்லைகள்

இன வேறுபாடு இரத்தத்திலேயே ஊறியது என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியிருப்பதை நாம் அறிவோம். மரபணு விஞ்ஞானம் அதனை அளந்தே பார்த்துவிட்டது.

அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின், இரத்த வகைகளையும் புரதங்களையும் நிர்ணயிக்கும் 17 மரபணுக்களைப் பல்வேறு மக்கட் கூட்டங்களிடையே ஒப்பிட்டு, 1972இல் முடிவுகளை வெளியிட்டார். மொத்த வேறுபாட்டில் 85.4 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்தினுள்ளேயே காணப்பட்டது. இனங்களென வகுக்கப்பட்டோருக்கிடையே இருந்தது 6.3 சதவீதம் மாத்திரமே! 2002இல் 52 கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்விலும் கூட்டத்தினுள்ளான வேறுபாடு 93 முதல் 95 சதவீதமாக இருந்தது. எனினும், நூற்றுக்கணக்கான மரபணுக் குறிகளைச் சேர்த்து நோக்கினால் ஒருவரின் பூர்வீகக் கண்டத்தை ஊகிக்க முடியும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், பூர்வீகம் வேறு, இனம் வேறு. அரிவாள் உருச் செங்குருதிக்கல நோயைக் கறுப்பினத்தவரின் நோய் என்பர் பலர். அதற்குரிய மரபணு மாற்றமோ மலேரியா பரவியிருந்த அரேபியா, இந்தியா, கிரேக்கம் ஆகிய இடங்களிலும் உண்டு. தென்னாபிரிக்காவின் சோசா மக்களிடம் அது மிக அரிது. தோலின் நிறத்தைப் பார்த்து நோயை ஊகிக்கும் வைத்தியர் தவறிழைக்க இடமுண்டு.

2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 26 கூட்டங்களின் 2,504 பேரை ஆராய்ந்தது. பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் அவற்றுள் ஒரு கூட்டம். மிகுந்த பன்முகத்தன்மை ஆபிரிக்க வம்சாவளியினரிடமே காணப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துக் கணிக்கப்படும் நோய் அபாய அளவுகள் ஏனையோருக்குப் பிசகுவதால், இத்தகைய மாதிரிகள் இன்னும் பல தேவைப்படுகின்றன.